பழைய மாணவர் சங்கமா, லிங்க்ட்இனா, கொழும்பா? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொழில் உறவு தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் சுயவிபரக் கோவையை எடுத்தால் கடைசியில் இரண்டு பெயர் இருக்கும். ஒருவர் படித்த பள்ளிக்கூடத்து அதிபர். மற்றவர் பங்குத் தந்தை, அல்லது மௌலவி, அல்லது கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். உறவினர் அல்லாத இருவரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை அத்தோடு சரி. ஆளெடுக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த இலக்கங்களுக்கு அழைத்து விசாரிப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. "நல்ல பொடியன் சேர். குடும்பமும் நல்ல குடும்பம். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் மாதக் கணக்கைத் திகதிக்கு முடித்துத் தருவானா, கள அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதுவானா, பயனாளி ஒருவர் கோபத்தில் சத்தம் போட்டால் பொறுமையாகப் பதில் சொல்வானா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. பாவம், அவனைப் பூசையிலும் திருவிழாவிலும் பார்த்தவர்கள். வேலையில் பார்த்ததில்லை.

இங்கே ஆள் பழக்கம் இல்லாமல் வளர்பவர் எவருமில்லை. குடி என்கிற தாய்வழிக் குலம், கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஒழுங்கை என்று பிறந்த நாளிலிருந்தே ஆட்களுக்குள்தான் இருக்கிறோம். குறைவாக இருப்பது நம் வேலையைக் கண்ணால் கண்ட ஆட்கள். மாதத்தில் இரண்டு மாலைப்பொழுதும் கொஞ்சம் காசும்தான் இதற்கென்று ஒதுக்க முடியும் என்றால், அதை எங்கே போடுவது?

தெரிவுகளுக்குள் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு ஓர் உறவிலிருந்து கிடைப்பவை இரண்டு. ஒன்று சேதி: இன்ன இடத்தில் வெற்றிடம் வரப்போகிறது, இன்ன திட்டத்துக்குக் காசு வந்திருக்கிறது. மற்றது சாட்சி: "அவளோடு வேலை செய்திருக்கிறேன், யோசிக்காமல் எடுங்கள்." சேதி தருபவரும் சாட்சி சொல்பவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. பொஸ்டனை அடுத்த நியூட்டனில் அண்மையில் வேலை மாறியவர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ காண்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய சிநேகிதனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எட்ட நிற்பவர்தான் வேறு ஆட்களுக்குள் இருக்கிறார்.

எங்கள் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். கல்லடியில் ஒரு கந்தோருக்கு ஆள் வேண்டும் என்றால், அந்த விளம்பரத்தின் படம் இரவுக்குள் களுவாஞ்சிக்குடி தாண்டி எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். அனுப்புகிற மாமாவுக்கும் பெறுகிற மருமகனுக்கும் அதே சேதி.

முதலில் பழைய மாணவர் சங்கம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் நினைக்கிறார்கள். காரணமும் இருக்கிறது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. சிவானந்தா 1929இல், விபுலானந்த அடிகளால். கல்முனைக்குப் போனால் வெஸ்லி, கார்மேல் பற்றிமா, ஸாஹிரா. இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் கொழும்பு வங்கிகளிலும் லண்டன் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள். சங்கத்துக்கு அங்கே கிளையும் இருந்தால் சேதியின் பக்கம் பலம்தான். ஒரே பள்ளிக்கூடம் என்றதும் முன்பின் தெரியாத அண்ணன்மார் தொலைபேசியை எடுத்துப் பேசுவார்கள்.

சாட்சியின் பக்கம் என்ன? சும்மா அங்கத்தவராக இருந்தால் பூச்சியம். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்து, தேநீர் குடித்து, யாப்புத் திருத்தத்துக்குக் கை தூக்கிவிட்டுப் போகிறவரைப் பற்றி எவர் என்ன சொல்ல முடியும்? பொருளாளர் கதிரை வேறு. நடைபவனிக்குச் சேர்ந்த காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, மிச்சத்தை வங்கியில் போட்டு, கணக்கறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பி, "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னவரை அந்த மண்டபத்தில் இருந்த வங்கி முகாமையாளரும் பொறியியலாளரும் கவனித்திருப்பார்கள். ஆகவே தலைவர், செயலாளர் பதவிகளுக்கு அடிபடுகிறவர்கள் அடிபடட்டும். கணக்கு, அச்சு வேலை, மண்டப ஒழுங்கு போன்ற ஒருவரும் விரும்பாத வேலையை இளையவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கங்கள் பெரும்பாலும் ஒரே சமூகம், பல இடங்களில் ஒரே பால். மூன்று சமூகமும் இருக்கிற அம்பாறை மாவட்டத்தில் தொழில் செய்யப்போகிற ஒருவருக்கு இது சின்னக் குறை இல்லை.

றோட்டரி, லயன்ஸ் கழகங்களைப் பற்றி எங்களிடம் ஒரு நமட்டுச் சிரிப்பு உண்டு: "பிஸ்னஸ் பிடிக்கத்தான் போகிறார்கள்." வரலாறு கொஞ்சம் அப்படித்தான். 1905இல் சிக்காகோவில் வழக்கறிஞர் போல் ஹரிஸ் றோட்டரியைத் தொடங்கியபோது, ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்து, ஒவ்வொருவர் கந்தோரிலும் முறைவைத்துக் கூடினார்கள். ஒருவருக்கொருவர் வாடிக்கை கொடுத்துக்கொள்வதும் அதில் இருந்தது. சேவை பின்னால் வந்தது. லயன்ஸைத் தொடங்கியவர் காப்புறுதித் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ். ஆனால் 1917இல் நடந்த முதல் மாநாட்டிலேயே, அங்கத்தவரின் பொருளாதார இலாபத்தை எந்தக் கழகமும் நோக்கமாக வைக்கக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். காப்புறுதி, வங்கி, மருந்துக் கடை, கட்டட ஒப்பந்தம் என்று வாடிக்கையாளரை நம்பிய தொழிலில் முப்பத்தைந்து தாண்டியவருக்கு இது பொருந்தும். சந்தாவும் விருந்துச் செலவும் இருபத்தைந்து வயதுச் சம்பளத்துக்குப் பாரம். அந்த வயதுக்கு இவற்றின் இளையோர் கழகங்களான லியோவோ (லயன்ஸ்) றோட்டரக்டோ (றோட்டரி) போதும். லியோவில் முப்பது வயது வரை இருக்கலாம். இரத்ததான முகாம் ஒன்றை முழுதாகப் பொறுப்பெடுத்து நடத்தினால் ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பொலிஸ் மூன்றோடும் பேசப் பழகிவிடலாம்.

தொழில்சார் நிறுவகங்கள் எல்லாருக்கும் திறந்த கதவு அல்ல. பட்டயக் கணக்காளர், பொறியியலாளர் போன்றோருக்கு அது தெரிவே இல்லை, கட்டாயம். அங்கே சொல்லத்தக்கது ஒன்றுதான். பரீட்சையைவிடக் கணக்காய்வு நிறுவனத்துப் பயிற்சிக் காலமே பெரிய மூலதனம். நான்கு பேர் ஒரே மேசையில் இரவிரவாக இன்னொருவரின் பற்றுச்சீட்டுக் கட்டுகளைப் புரட்டியிருந்தால், யார் சலித்துப்போய் சரியடையாளம் போடுகிறான், யார் திரும்ப எண்ணுகிறான் என்று நால்வருக்கும் தெரிந்துவிடும். சில வருடத்தில் அந்த நால்வரும் நான்கு கம்பனிகளில் இருப்பார்கள். அப்போது சாட்சி, சேதி இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்கும். இது அபூர்வம்.

இனி, ஒருவரும் தெரிவாகவே எண்ணாத ஒன்று: இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையின் விளிம்பு. நம் மேசைக்கும் அடுத்த கந்தோர்க்காரரின் மேசைக்கும் இடையில் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டம், கச்சேரியில், அதாவது மாவட்ட செயலகத்தில், நடக்கும் மாவட்டக் கூட்டம், வெள்ளம் வந்தால் அவசரமாகக் கூடும் கூட்டம். சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் மட்டக்களப்பில் அரசசார்பற்ற நிறுவனங்கள் நிறைந்திருந்த காலத்தில் வேலை பழகியவர்கள் இன்று கொழும்புத் தலைமைக் கந்தோர்களிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள் என்றால், அவர்களை ஏற்றிவிட்டவை பெரும்பாலும் இந்தக் கூட்டங்கள்தான். ஒரே நிறுவனத்தில் இருந்தவரைவிட, அடுத்த நிறுவனத்திலிருந்து பார்த்தவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவருக்கு நம்மைப் புகழ்ந்து ஆகவேண்டிய தேவை இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஊர் ஊராகத் தண்ணீர். எந்த முகாமில் எத்தனை குடும்பம் என்ற பட்டியல் காலைக்கும் மாலைக்கும் மாறும். அப்படி ஒரு நேரத்தில் நான்கு நிறுவனங்கள் ஒரே முகாமுக்குப் பாய் கொண்டுபோவதும், பக்கத்து முகாமுக்கு ஒருவரும் போகாததும் சாதாரணம். தன் பட்டியலை மற்றவரோடு ஒப்பிட்டு, இரட்டிப்பாக வந்த பெயர்களை வெட்டி, "இந்தக் கிராமத்தை நீங்கள் எடுங்கள், அதை நாங்கள் விடுகிறோம்" என்று சொல்லக்கூடிய ஓர் இளம் உத்தியோகத்தரை அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். தன் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பின்னால் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனவரையும் மறக்கமாட்டார்கள், அது வேறு.

வெள்ளம் இல்லாத நாளிலும் வழி இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுத யார் என்று கேட்டால் எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள். அதை எழுதி மறுநாளே அனுப்புகிறவரின் பெயர் அத்தனை பேரின் மின்னஞ்சலிலும் போய் உட்காரும். யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று தெளிவாக எழுதினால், அடுத்த கூட்டத்தில் பெரியவர்களே "தங்கச்சி எழுதினதைப் பாருங்கோ" என்பார்கள். இதற்குச் சந்தா இல்லை, விருந்து இல்லை, சம்பள நேரத்துக்குள்ளேயே நடக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மேசையில் இருக்கும் இடமும் இதுதான். அம்பாறை நகரக் கந்தோர் ஒன்றில் ஒரு கோப்பு நின்றுவிட்டால், பழைய மாணவர் சங்கம் முழுவதும் திரண்டாலும் நகராது. கூட்டத்தில் கூட இருந்த சிங்கள உத்தியோகத்தரை, தட்டுத்தடுமாறிய சிங்களத்திலாவது கூப்பிட்டு, கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க முடிந்தால் காரியம் தெளியும்.

நாங்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து திட்டம் பார்க்க ஒருவர் வந்தால் நண்டுக் கறியும் எருமைத் தயிரும் கொடுத்துத் திக்குமுக்காட வைக்கிறோம். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்ற பழைய பகிடிக்கு நாங்களே ஆதாரம் கொடுக்கிறோம். அவர் திரும்பிப் போனபின் சாப்பாடு நினைவிருக்கும், களத்தில் யார் என்ன செய்தார் என்பது இருக்காது. சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் தயிர் பிடிக்கும். வாகனத்தில் போகும் அரைமணி நேரத்தில் "இந்தக் கிராமத்தில் கடன் திருப்பிக் கட்டுவது ஏன் குறைந்தது, நாங்கள் என்ன மாற்றினோம்" என்று ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வழிக்கும் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. சாட்சிகள் அனைவரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அந்தக் காசில் ஓடிய திட்டங்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நின்றன. அப்படி நடக்கிற கிழமையில் உங்களைப் புகழத் தயாராக இருப்பவரும் வேலை தேடிக்கொண்டிருப்பார். இந்த வழியில் போகிறவர் சேதிக்கு வேறு வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த வாசல் லிங்க்ட்இனா? தொழிலைப் பொறுத்தது. எம்ஐடி, ஹார்வார்ட், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களும் அந்த நிறுவனத்தாரும் சேர்ந்து 2022இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருடம், இரண்டு கோடிப் பயனர்கள். மிக நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமும் இல்லாமல், சில பொதுச் சிநேகிதர் மட்டும் உள்ள உறவுகளே வேலை மாற அதிகம் உதவின. கிரனோவெட்டர் சொன்னது அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஓரளவு நின்றது. ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கணினி சார்ந்த துறைகளில்தான் எட்டிய உறவு உதவியது, மற்றத் துறைகளில் நெருங்கிய உறவே அதிகம் உதவியது. ஆக, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்தவருக்கும் கிரபிக் வடிவமைப்பாளருக்கும் மட்டக்களப்பிலேயே இருந்து கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்ய விரும்புகிறவருக்கும் லிங்க்ட்இன் முதல் தெரிவு. கூட்டுறவுச் சங்கம், தனியார் பாடசாலை, கட்டட ஒப்பந்தம், பாசிக்குடா ஹோட்டல் என்று போகிறவருக்கு அது மூன்றாவதோ நான்காவதோதான்.

அங்கேயும் "வணக்கம் சேர், ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்கோ" என்று நூறு பேருக்கு அனுப்புவது வாக்குச் சேகரிப்பு. வேறு மாதிரி எழுதலாம்: "நீங்கள் செய்த நீர்ப்பாசனச் செயலியைப் பார்த்தேன். எங்கள் அப்பா உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிறார். கைபேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் அது எப்படித் தரவைச் சேமிக்கிறது?" வாசித்துப் பார்த்த ஆள் என்று தெரிகிறது, பதில் எழுத ஒரு கேள்வியும் இருக்கிறது, எதையும் இரக்கவில்லை. பதில் வந்தால் அதைச் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று சில கிழமைக்குப் பிறகு ஒரு வரி எழுத வேண்டும். அந்த இரண்டாவது வரியைத்தான் ஒருவரும் எழுதுவதில்லை.

லிங்க்ட்இனுக்கு இன்னொரு பலம் உண்டு, ஆண்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கழகக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு முடிந்தால், கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டிய பெண்பிள்ளை மண்முனைப் பாலம் தாண்ட பஸ்ஸுக்கு எங்கே போவாள்? பஸ் இருந்தாலும் வீட்டில் கேட்கும் கேள்விக்கு என்ன பதில்? "பெண்கள் முன்வருவதில்லை" என்று மேடையில் கவலைப்படுகிறவர்கள் கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினால் பாதிக் கவலை தீரும். அதுவரை இணையமும் சம்பள நேரத்துக்குள் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களும்தான் பெண்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் தெரிவுகள்.

கொழும்பு செலவான தெரிவு. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், அறை வாடகை, சாப்பாடு. சேதியின் அளவில் அதற்கு நிகர் இல்லை. அறிவித்தல் வெளிவருமுன்பே வெற்றிடம் தெரிந்துவிடும். ஆனால் போகிறவர்களில் பலர் வெள்ளவத்தையில் நான்கு மட்டக்களப்புப் பொடியன்களோடு ஓர் அனெக்ஸை எடுத்து, கந்தோரில் யாரோடும் பேசாமல், வெள்ளிக்கிழமை இரவு ரயிலைப் பிடித்து ஊருக்கு வந்துவிடுகிறார்கள். வாடகையைக் கொழும்புக்குக் கொடுத்துவிட்டு ஆரையம்பதியிலேயே இருப்பதற்குச் சமம். இரண்டு வருடம் என்று எல்லை வைத்து, மதியச் சாப்பாட்டைச் சிங்கள, முஸ்லிம் சகபாடிகளோடு சாப்பிட்டு, சிங்களத்தைப் பேச்சளவிலாவது பிடித்துக்கொண்டு திரும்ப முடியுமானால் போகலாம். முடியாது என்றால் அந்தக் காசில் ஊரிலேயே ஒரு நல்ல மடிக்கணினி வாங்கலாம்.

சிபாரிசுக்கு ஆள் பிடிப்பதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் சேதியும் இல்லை, சாட்சியும் இல்லை. திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். ஆட்சி மாறினால் கடிதம் வைத்திருப்பவரின் நெற்றியில் பழைய கட்சியின் பெயர் இருக்கும். போட்டிப் பரீட்சையால் எடுக்கும் அரச பதவிகளுக்கு எந்த உறவும் மண்டபத்துக்குள் வராது. நியமனம் கிடைத்த பிறகுதான் உறவின் தேவை தொடங்குகிறது. அங்கே தேடவேண்டியவர் பெரிய கதிரையில் இருப்பவர் அல்ல. அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையையும் அரச பண விதிகளான நிதிப் பிரமாணத்தையும் பக்கம் பக்கமாகத் தெரிந்த, ஓய்வுக்குச் சில வருடமே உள்ள பிரதம எழுதுவினைஞர். அவரிடம் கேட்டுப் படித்தவர்களின் கோப்பு மேலே போய்த் திரும்பி வருவதில்லை.

அப்படியானால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் முடித்து, திருக்கோவிலில் வீட்டில் இருந்து அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு எது? சேதி அவளுக்கு ஓரளவு இருக்கிறது. மூன்று சமூகத்துப் பிள்ளைகளோடு படித்த அவளின் பட்ச் ஏற்கெனவே கல்முனை, கண்டி, கொழும்பு என்று பரவிவிட்டது; மாதம் ஓரிரு பேருக்கு நலம் கேட்டு, அவர்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டு எழுதினால் அந்தத் தொடுப்பு நிற்கும். இல்லாதது சாட்சி. ஆகவே அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில், சம்பளம் கையைக் கடித்தாலும், போய்ச் சேர வேண்டும். மாலைப்பொழுதுகளுக்கு, படித்த பள்ளிக்கூடச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கலாம். அதை வீட்டில் வைத்தே எழுதலாம். கழகமும் கொழும்பும் இப்போதைக்கு வேண்டாம். "இதுக்கா மனே கம்பஸ் படிச்ச?" என்று அம்மம்மா கேட்பா. நியமனக் கடிதம் இடையில் வந்தால் போகட்டும், அந்தக் கந்தோரிலும் ஒரு கணக்குப் பிரிவு இருக்கும்.